கலர் காப்பியரில் டிரம், பெல்ட், ஃபியூசர் தேய்மானம்: மெஷின் காட்டும் சதவீதத்தைப் படிப்பதிலிருந்து பார்ட் மாற்றுவது வரை

மெஜந்தா டிரம்மை மாற்றச் சொல்லி ஸ்கிரீனில் எச்சரிக்கை வருகிறது. பிரிண்டைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. இன்னொரு மெஷினில் டிரம் ஆயுள் 40 சதவீதம் மிச்சம் என்கிறது. பக்கத்திலோ மேலிருந்து கீழ்வரை கோடு. இரண்டும் தினமும் நடப்பவைதான். ஸ்கிரீனில் வரும் அந்தச் சதவீதத்தைப் பெரும்பாலும் மெஷின் அளந்து சொல்வதில்லை, எண்ணிச் சொல்கிறது. எதை எண்ணுகிறது, எதை உண்மையிலேயே அளக்கிறது என்று தெரிந்துவிட்டால், நல்ல பார்ட்டைத் தூக்கிப் போடுவதும் குறையும், கெட்ட பார்ட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதும் குறையும்.

எவை தேய்கின்றன, எப்படி

கலர் காப்பியரில் யெல்லோ, மெஜந்தா, சியான், பிளாக் என்று நாலு நிறத்துக்கும் தனித்தனி இமேஜிங் யூனிட். ஒவ்வொன்றிலும் ஒரு டிரம், அதற்கு மின்னேற்றம் கொடுக்கும் சார்ஜ் ரோலர், மிச்ச டோனரை (நிறப்பொடியை) சுரண்டும் ரப்பர் பிளேடு, டோனரை டிரம்முக்குக் கொண்டுவரும் டெவலப்பர் யூனிட் ஆகியவை இருக்கும். சில மாடல்களில் எல்லாம் ஒரே பெட்டி. சிலவற்றில் டிரம் தனி, டெவலப்பர் தனி. நாலு நிறமும் வந்து சேரும் டிரான்ஸ்ஃபர் பெல்ட், அதிலிருந்து காகிதத்துக்குப் படத்தை மாற்றும் இரண்டாம் டிரான்ஸ்ஃபர் ரோலர், டோனரை உருக்கி ஒட்டும் ஃபியூசர், வேஸ்ட் டோனர் பாட்டில் இவை பொது.

டிரம் என்பது, லேசர் ஒளி படத்தை வரைவதற்காக மெல்லிய பூச்சு ஏற்றிய அலுமினியக் குழாய். புதிதாக இருக்கும்போது பூச்சு சுமார் 20 முதல் 30 மைக்ரான். பிளேடு ஒரு பக்கம் உரசுகிறது. சார்ஜ் ரோலரிலிருந்து வரும் மின் வெளியேற்றம் இன்னொரு பக்கம் மேற்பரப்பைக் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்து பூச்சைச் சுற்றுக்குச் சுற்று மெலிய வைக்கின்றன. டெவலப்பரில் தேய்வது டோனர் அல்ல, அதோடு கலந்திருக்கும் கேரியர், அதாவது பிசின் பூசிய காந்த மணிகள். அந்தப் பூச்சு போய், டோனர் மேலே அப்பிக்கொண்டால், மணிகளால் டோனருக்குச் சரியாக மின்னேற்ற முடியாது. பெல்ட்டில் கீறல் விழும், பளபளப்பு மங்கும். ஃபியூசரில் ஒட்டாமல் வழுக்கும் மேற்படலம் கிழியும், அழுத்தும் ரப்பர் ரோலர் இறுகும்.

படி 1: எதையும் கழற்றும் முன் கவுண்டர்களை அச்சிடுங்கள்

சாதாரண மெனுவில் மிச்ச ஆயுள் சதவீதம் மட்டும் வரும். விவரம், டெக்னீஷியன்களுக்கான மெனுவான சர்வீஸ் மோடில் இருக்கும். ரிக்கோவில் எஸ்பி மோட், கியோசெராவில் யூ என்று தொடங்கும் எண்கள், ஷார்ப்பில் சிமுலேஷன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். எந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் இல்லாமல் உள்ளே போய் எந்த மதிப்பையும் மாற்ற வேண்டாம். படித்து அச்சிடுவதில் ஆபத்தில்லை.

அந்தத் தாளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குறித்துக்கொள்ள வேண்டியவை: ஓடிய பக்கம், ஓடிய சுற்று அல்லது தூரம் அல்லது நேரம், இரண்டின் வரம்பு, கடைசியாக மாற்றியபோது இருந்த மொத்தக் கவுண்டர். கூடவே நிறவாரியாகச் சராசரி கவரேஜ், அதாவது பக்கத்தில் டோனர் மூடும் பரப்பின் சதவீதம். பக்கக் கணக்கு, சுற்றுக் கணக்கு இரண்டில் எது முதலில் வரம்பைத் தொடுகிறதோ அதை வைத்துத்தான் எச்சரிக்கை வரும். ஸ்கிரீன் சதவீதமும் அதைத்தான் காட்டும். எது தொட்டது என்று தெரிந்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

எச்சரிக்கையிலும் பல மெஷின்களில் மூன்று நிலை உண்டு. முதலாவது, ‘விரைவில் மாற்ற வேண்டும்’. பார்ட் வாங்கி வைக்கச் சொல்வது. இரண்டாவது, ‘இப்போது மாற்றவும்’. மெஷின் ஓடும், தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. மூன்றாவது, நிறுத்தம். எந்தப் பார்ட்டுக்கு நிறுத்தம் உண்டு, எதற்கு இல்லை என்பதை மேனுவலில் முன்கூட்டியே பார்த்துவைத்தால் அவசர வேலை நடுவில் மெஷின் நிற்காது.

படி 2: பக்கத்தை விடுத்துச் சுற்றைக் கணக்குப் போடுங்கள்

‘60,000 பக்கம் வரும் என்றார்கள், 25,000-லேயே முடிந்துவிட்டது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஜாப் தொடங்கும் முன் டிரம் சில நொடி சும்மா சுற்றும்: மின்னேற்றம் நிலைக்க வேண்டும், டெவலப்பர் கலக்க வேண்டும். முடிந்த பின்னும் மிச்ச டோனரைத் துடைக்கச் சில நொடி சுற்றும். ஒரு பக்கம் எடுத்தாலும் நூறு பக்கம் எடுத்தாலும் இந்த வெட்டிச் சுற்று ஒன்றுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு. டிரம் விட்டம் 30 மி.மீ., வேகம் நொடிக்கு 150 மி.மீ., முன்னும் பின்னும் சேர்த்து வெட்டிச் சுற்று 8 நொடி என்று வைத்துக்கொள்வோம். அதுவே 1,200 மி.மீ. ஏ4 தாள் அகலவாக்கில் போனால் 210 மி.மீ., தாளுக்குத் தாள் இடைவெளி 50 மி.மீ., ஆக பக்கத்துக்கு 260 மி.மீ. 30 பக்க ஜாப்புக்கு மொத்தம் 9,000 மி.மீ., பக்கத்துக்கு 300. மூன்று பக்க ஜாப்புக்கு 1,980 மி.மீ., பக்கத்துக்கு 660. ஒற்றைப் பக்க ஜாப்புக்கு 1,460. டிரம்மின் வரம்பு 18,000 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,91,000 சுற்று என்றால், 30 பக்க ஜாப்பாக ஓட்டுபவருக்கு 60,000 பக்கம் வரும். மூன்று பக்கமாக எடுப்பவருக்கு சுமார் 27,000. ஒவ்வொன்றாக எடுப்பவருக்கு 12,300 தான். டிரம் ஒன்றே, கம்பெனியும் ஏமாற்றவில்லை.

சுற்றுக் கணக்கை ஏற்றிவிடும் வேறு சிலவும் உண்டு. கறுப்பு வெள்ளை ஜாப்பில் கலர் டிரம்கள் பெல்ட்டை விட்டு விலகி நிற்கும். ஆனால் கலர்ப் பக்கங்களுக்கு நடுவே கறுப்புப் பக்கம் வரும் கலவை ஜாப்பில், ஒவ்வொரு முறையும் விலகிச் சேர நேரமாகும் என்பதால் பல மெஷின்கள் கலர் நிலையிலேயே தொடர்ந்து ஓடும். யெல்லோவில் ஒரு புள்ளிகூட விழாமல் யெல்லோ டிரம் தேயும். எழுத்து முழுக்கக் கறுப்பாக இருந்து ஓரத்தில் நீல லோகோ ஒன்று மட்டும் உள்ள படிவமும் நாலு டிரம்மையும் சுழற்றும். மெஷினை அடிக்கடி அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் அளவுத்திருத்தம் (கேலிபரேஷன்) ஓடும், அதுவும் சுற்றுதான். கெட்டித் தாளுக்கு வேகம் குறைவதால் அதே தூரத்துக்கு மின்னேற்ற நேரம் கூடும். நேரத்தை எண்ணும் மெஷின்களில் அது தெரியும்.

ஆகவே பக்கக் கணக்கு 40 சதவீதத்திலும் சுற்றுக் கணக்கு 100 சதவீதத்திலும் நின்றால், பார்ட்டைக் குறை சொல்வதற்கு முன் ஜாப் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். ஒற்றைத் தாளாக அனுப்பும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அவற்றைச் சேர்த்து அனுப்ப வைப்பதே மலிவான தீர்வு.

படி 3: மெஷின் உண்மையிலேயே அளப்பவற்றைப் பாருங்கள்

சில மெஷின்கள் டிரம் பூச்சின் தடிமனை மறைமுகமாக அளக்கின்றன. பூச்சு ஒரு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) மாதிரி. அது மெலிய மெலிய, அதே வோல்ட்டேஜுக்கு ஏற்ற அதிக மின்னோட்டம் வேண்டும். 28 மைக்ரான் 14 ஆகிவிட்டால் மின்னோட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சார்ஜ் ரோலர் வழியாகப் போகும் மின்னோட்டத்தைப் பார்த்தே ‘இவ்வளவு தேய்ந்திருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். நல்ல முறைதான். ஆனால் அது டிரம்மின் முழு நீளத்துக்குமான சராசரி. ஒரே இடத்தில் முடி அகலத்தில் ஒரு கீறல் இருந்தால் சராசரியில் அது தெரியவே தெரியாது. 40 சதவீதம் மிச்சம் இருந்தும் கோடு விழுவதன் ரகசியம் இது.

அடுத்தது நிற அடர்த்தியைப் பார்க்கும் டென்சிட்டி சென்சார். குறிப்பிட்ட இடைவெளியில் மெஷின் பெல்ட்டின் மேல் ஒவ்வொரு நிறத்திலும் சின்னச் சின்னக் கட்டங்களைப் போட்டு, அகச்சிவப்பு ஒளியை அடித்து, திரும்பி வருவதைப் படிக்கிறது. கறுப்பு டோனர் ஒளியை விழுங்கும். கலர் டோனர்கள் சிதறடிக்கும். கட்டம் வெளிறியிருந்தால், டோனரை டிரம்முக்குத் தள்ளும் டெவலப்பிங் வோல்ட்டேஜையோ மின்னேற்ற வோல்ட்டேஜையோ லேசர் ஒளியையோ மாற்றி ஈடுகட்டும். கடைசிப் பிரிண்ட் வரை படம் நன்றாக இருப்பது இந்த ஈடுகட்டலால்தான். நோய் உள்ளே முற்றுகிறது, முகத்தில் தெரிவதில்லை.

அதனால் சர்வீஸ் மோடில் பார்க்கத் தகுந்த எண் ஆயுள் சதவீதத்தைவிட இந்தத் திருத்த மதிப்புகள்தான். நாலு நிறத்தின் டெவலப்பிங் வோல்ட்டேஜையும் மின்னேற்ற வோல்ட்டேஜையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்று ஒன்றோடொன்று நெருங்கியிருந்து ஒன்று மட்டும் ஒரு ஓரத்துக்குப் போயிருந்தால், சந்தேகம் அந்த யூனிட் மேல். நாலும் சேர்ந்தே விலகியிருந்தால் யூனிட்டை விடுங்கள், பெல்ட்டையோ சென்சாரையோ பாருங்கள்.

பெல்ட்டின் நிலையையும் இதே சென்சார்தான் சொல்கிறது. கட்டம் போடும் முன் வெறும் பெல்ட்டைப் படித்து, தேவையான பிரதிபலிப்பு வரும்வரை ஒளிவிளக்கின் மின்னோட்டத்தைக் கூட்டும். பெல்ட் மங்க மங்க இந்த மின்னோட்டம் ஏறும். உச்ச வரம்பைத் தொட்டால் பிழை எண் வரும். அந்தப் பிழையைப் பார்த்ததும் பெல்ட்டை ஆர்டர் செய்துவிடாதீர்கள். சென்சார் கண்ணாடியில் டோனர் தூசி படிந்தாலும் இதே பிழை வரும். மெஷினை அணைத்து, உலர்ந்த மென்மையான துணியால் கண்ணாடியைத் துடைத்து, அளவுத்திருத்தத்தை மறுபடி ஓட்டி, மின்னோட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

டெவலப்பரில் டோனர் விகிதத்தைப் பார்க்கும் சென்சார் காந்தத்தன்மையை வைத்து வேலை செய்கிறது. கேரியருக்குக் காந்தக் குணம் உண்டு, டோனருக்குக் கிடையாது. டோனர் கூடினால் அதே இடத்தில் கேரியர் குறையும், சென்சார் மதிப்பு மாறும். வழக்கமான கலவையில் டோனர் எடையில் 5 முதல் 8 சதவீதம் போல இருக்கும். இங்கே ஒரு கண்கட்டு உண்டு: கேரியரின் பூச்சு போய்விட்டாலும் விகிதம் சரியாகவே இருக்கும். சென்சார் நிம்மதியாக இருக்க, மின்னேற்றம் குறைந்த டோனர் வெள்ளைப் பகுதியில் மெல்லிய பனிபோலப் படியும், யூனிட்டைச் சுற்றிக் கொட்டும். டெவலப்பரின் வயதுக்குக் கவுண்டரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. டோனரோடு கொஞ்சம் புதுக் கேரியரையும் சொட்டு நீர் மாதிரி விட்டுக்கொண்டே, பழையதைச் சிறுகச் சிறுக வெளியேற்றும் மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு.

டிரான்ஸ்ஃபர் ரோலருக்குப் பிரிண்டுக்கு முன் குறிப்பிட்ட மின்னோட்டம் செலுத்தி, எவ்வளவு வோல்ட்டேஜ் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். வயதாக ஆக ரோலரின் தடை ஏறும், வோல்ட்டேஜும் ஏறும். ஈரப்பதமும் இதை மாற்றும் என்பதால் ஒரு நாள் மதிப்பை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஃபியூசர் விஷயத்தில் தெர்மிஸ்டர் வெப்பத்தை மட்டும்தான் பார்க்கிறது. மேற்படலம் கிழிந்ததோ ரோலர் இறுகியதோ அதற்குத் தெரியாது; பக்கமும் ஓடிய நேரமும் எண்ணப்படுகின்றன, அவ்வளவுதான். வேஸ்ட் டோனர் பாட்டிலில் நிறைவு சென்சார் தூண்டப்பட்ட பின் குறிப்பிட்ட பக்கங்கள் வரை விட்டுவிட்டு மெஷின் நிற்கும். பாட்டிலைக் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒளியை வைத்துப் பார்க்கும் மாடலில், ஒளி போகும் இடம் ஏற்கெனவே தூசி பிடித்திருப்பதால் சென்சார் முன்கூட்டியே கத்தலாம். எடையை வைத்தோ கணக்கை வைத்தோ பார்க்கும் மாடலில் கத்தாமலே டோனர் உள்ளே வழிந்துவிடலாம். மிச்சம் பிடிப்பது பாட்டிலில், போவது பெல்ட்டில்.

படி 4: சந்தேகத்தைக் காகிதத்தில் உறுதிசெய்யுங்கள்

ஒவ்வொரு நிறத்திலும் 30 முதல் 50 சதவீத ஹாஃப்டோன் (புள்ளிகளால் ஆன வெளிர் நிறம்) முழுப் பக்கமாக எடுங்கள். முழு அடர்த்தியில் எடுத்தால் சின்னக் குறைகள் ஒளிந்துகொள்ளும். குறை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ரோலரின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் இடைவெளி கிடைக்கும். 24 மி.மீ. டிரம் 75 மி.மீ.க்கு ஒருமுறை, 30 மி.மீ. டிரம் 94 மி.மீ.க்கு ஒருமுறை, 40 மி.மீ. டிரம் சுமார் 126 மி.மீ.க்கு ஒருமுறை புள்ளி போடும். 12 மி.மீ. சார்ஜ் ரோலர் என்றால் 38 மி.மீ. டெவலப்பிங் ரோலரில் ஏமாந்துவிடக் கூடாது: அது டிரம்மைவிட வேகமாகச் சுற்றும். 16 மி.மீ. ரோலர் டிரம்மைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றினால், இடைவெளி 50 மி.மீ. அல்ல, 33 மி.மீ. தான்.

நெடுக்குக் கோட்டுக்கு இடைவெளி கிடையாது, நிறம்தான் துப்பு. வெள்ளையாக விழும் மெல்லிய கோடு என்றால் முதலில் லேசர் ஒளி வெளிவரும் கண்ணாடியைத் துடையுங்கள். அதில் ஒட்டிய ஒரு தூசி போதும். கருமையாக விழும் கோடு என்றால் டிரம் கீறலோ, பிளேடு விளிம்பு உடைந்து டோனர் கசிவதோ, சார்ஜ் ரோலரில் அழுக்கோ.

யூனிட்டா, பெல்ட்டா, ஃபியூசரா என்று பிரிக்க ஒரு எளிய வழி: பிரிண்ட் ஓடும்போது, படம் பெல்ட்டில் இருந்து காகிதத்துக்குப் போகும் முன் கதவைத் திறந்து நிறுத்துங்கள். பெல்ட் மேல் இருக்கும் படத்திலேயே குறை இருந்தால் முன்னால் இருக்கும் யூனிட்கள். அங்கே சுத்தமாக இருந்தால் அதற்குப் பின் வருபவை. கலர் யூனிட்களை இடம் மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான், ஆனால் டெவலப்பர் தனியாக இருக்கும் மாடலில், டிரம் யூனிட்டுக்கு மட்டும், சிப் அனுமதித்தால் மட்டும். டெவலப்பரோடு சேர்ந்த யூனிட்டை இடம் மாற்றினால் நிறம் கலந்து இரண்டும் வீண்.

படி 5: மாற்றுவதும் ரீசெட்டும்

புது டிரம்மை மாட்டுவதற்கு முந்தைய நிமிடம்தான் அதன் கறுப்பு உறையை எடுக்க வேண்டும். அறை வெளிச்சம் சில நிமிடம் தாங்கும். வெயில் நேரடியாகப் பட்டால் போயிற்று. டிரம்மைத் தனியாக மாற்றினால் மேற்பரப்பைத் தொடாதீர்கள், பிளேடு விளிம்பிலும் டிரம்மிலும் மேனுவல் சொல்லும் பொடியை மெல்லியதாகத் தூவுங்கள். உலர்ந்த பிளேடு புது டிரம்மில் முதல் சுற்றிலேயே மடங்கிக்கொள்ளும். கையால் சுற்ற நேர்ந்தால் சுற்றும் திசையில் மட்டும். எதிர்த் திசையில் சுற்றினாலும் அதே கதைதான். பேக்கிங் டேப், இடைச்செருகல் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள்.

புதுப் பார்ட்டை மெஷின் அடையாளம் காணும் வழி மூன்று. பழைய பாணியில் யூனிட்டுக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். மெஷின் அதைக் கண்டதும் எரித்துவிட்டுக் கவுண்டரைச் சுழியமாக்கும். இப்போது பெரும்பாலும் மெமரி சிப். யூனிட்டின் கணக்கு யூனிட்டோடே பயணிக்கும், வேறு மெஷினில் மாட்டினாலும் பழைய கணக்கு தொடரும். மூன்றாவது, எந்த அடையாளமும் இல்லாமல் சர்வீஸ் மோடில் கையால் ரீசெட் செய்வது. இதில் சில மாடல்கள் மாற்றும் முன்பே ‘புதியது’ என்று குறித்துவிட்டு அணைக்கச் சொல்லும், சில மாற்றிய பின் சொல்லும். வரிசை தவறினால் புது டிரம் பழைய டிரம்மின் கணக்கைச் சுமக்கும். நிறத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்து சியானுக்குப் பதில் மெஜந்தாவை ரீசெட் செய்வதும் சாதாரணமாக நடக்கும் தவறு. படி 1-இல் அச்சிட்ட தாள் அப்போதுதான் கைகொடுக்கும்.

டெவலப்பர் மாற்றினால் விகித சென்சாரின் ஆரம்ப அமைப்பை ஓட்டியே ஆக வேண்டும், ஒரு பிரிண்ட்கூட எடுக்கும் முன். புது டெவலப்பரின் டோனர் விகிதம் ஆலையில் நிர்ணயித்தது. அதைத்தான் மெஷின் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அதே காரணத்தால் பழைய டெவலப்பரில் அந்த அமைப்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது. டோனர் வறண்டுபோன கலவையை ‘இதுதான் சரி’ என்று மெஷின் நம்பிவிடும், அதற்குப்பின் எவ்வளவு திருத்தினாலும் பிரிண்ட் வெளிறியே வரும். முடிந்ததும் டென்சிட்டி, நாலு நிறச் சேர்க்கை, கிரேடேஷன் (வெளிர் முதல் அடர் வரையிலான படிநிலை) அளவுத்திருத்தங்களை இந்த வரிசையில், மெஷின் சூடான நிலையில் ஓட்டுங்கள்.

பார்ட்டை மாற்றாமல் கவுண்டரை மட்டும் ரீசெட் செய்தால்

எச்சரிக்கை போய்விடும். தொல்லை அப்புறம்தான். பல மெஷின்கள் டிரம் வயதைப் பார்த்தே மின்னேற்ற வோல்ட்டேஜையும் லேசர் ஒளியையும் திருத்துகின்றன. கவுண்டரைச் சுழியமாக்கினால் கிழட்டு டிரம்முக்குப் புது டிரம்மின் வோல்ட்டேஜ் போகும். வெள்ளைப் பகுதி அழுக்காகும், அல்லது நிறம் தடம் மாறும், அதைத் திருத்த நினைத்து நல்ல டெவலப்பரை மாற்றுவார்கள். ஆயுள் முடிந்த டிரம்மைத் தொடர்ந்து ஓட்ட வேண்டுமென்றால் ரீசெட் செய்யாமலே ஓட்டுங்கள். மாற்று டிரம் கையில் இருந்து, பிரிண்ட் சுத்தமாக, திருத்த மதிப்புகள் வரம்பை விட்டுத் தள்ளி நிற்கும்வரை அதில் தவறில்லை.

ஃபியூசரிலும் பெல்ட் கிளீனிங் பிளேடிலும் இந்தத் தாராளம் வேண்டாம். பிளேடு போனால் பெல்ட்டையும் கெடுக்கும். ஃபியூசரில் தாள் சுற்றிக்கொண்டால் எடுக்கும்போதே படலம் கிழியும். அதிக வெப்பப் பிழை வந்தால் பல மெஷின்கள் அணைத்துப் போட்டாலும் திறக்காது, சர்வீஸ் மோடில்தான் விடுவிக்க வேண்டும். தீ ஆபத்துக்காக வைத்த பூட்டு அது. தெர்மிஸ்டரையும், அதிக வெப்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்காமல் விடுவிக்காதீர்கள்.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மொத்தக் கவுண்டர், பழைய பார்ட்டின் பக்கம், சுற்று, அளவுத்திருத்தத்துக்குப் பின் வந்த நாலு நிற வோல்ட்டேஜ், சென்சார் மின்னோட்டம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முன் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பார்ட் புதிதாக இருந்த அன்று மதிப்பு என்ன என்று தெரியாவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை.